ஒப்புரவு அருட்சாதனமும் பரிகாரமும்



நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் தேவை என்று நம் பெரியவர்கள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தார்கள்: ஆன்ம சோதனை, மனத்துயர், பிரதிக்கினை, பாவ அறிக்கை, பரிகாரம். இவற்றுள் நாம் எளிதில் மறந்துவிடுவது ஐந்தாவதைத்தான்.

உயிர்த்த ஆண்டவர் பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைத் தம் சீடர்களுக்கு அளித்தார் (யோவா 20:22-23). ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் பணித்தது. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் பாவியின் பங்கு என்று 1551-இல் திரிதெந்தீன் சங்கம் போதித்தது.

மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. ஆனால் பாவம் விளைவித்த சேதத்தை அது தானாகச் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தரவேண்டும். கெடுத்த நற்பெயரை மீட்டுத் தரவேண்டும் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1459). தம்பியின் நிலத்தில் இரண்டடி தள்ளி வேலி போட்டவர், மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. வேலியையும் நகர்த்தவேண்டும்.

இது புதிய போதனை அல்ல. குற்றத்தை அறிக்கையிட்டு, முழு ஈட்டுத்தொகையோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது மோசேயின் சட்டம் (எண் 5:6-7). எரிகோவின் சக்கேயு நான்கு மடங்கு தர முன்வந்தார் (லூக் 19:8). இயேசு அவர் வீட்டில் தங்க விரும்பியது முதலில்; அவர் கொடுக்க எழுந்தது பிறகு. ஆகவே பரிகாரம் மன்னிப்புக்கான விலை அல்ல, மன்னிக்கப்பட்டவரின் நன்றி.

பணத்தைத் திருப்புவதைவிடச் சொல்லைத் திருப்புவது கடினம். ஒருமுறை, உடன் உழைத்த உபதேசியார் ஒருவரைப் பற்றித் தீர விசாரிக்காமல் தவறாகப் பேசிவிட்டேன். பாவ அறிக்கை செய்தபோது, "யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய்த் திருத்துங்கள்" என்றார் குருவானவர். மூன்று வீடுகளுக்குச் சென்றேன். நான்காவது குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. அந்தச் சொல் இன்னும் எங்கோ உலவுகிறது.

தன்னை வெளிப்படுத்த இயலாதவர், திருப்பித் தரவேண்டியதைப் பிறர் வழியாகவும் சேர்ப்பிக்கலாம். குருவானவரிடமே உதவி கேட்கலாம்; பாவ அறிக்கையின் இரகசியம் ஒருபோதும் மீறப்பட முடியாதது (திருச்சபைச் சட்டம் 983).

அடுத்தமுறை ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லுமுன், "எதைச் சொல்லவேண்டும்?" என்பதோடு, "யாருக்கு எதைத் திருப்பித் தரவேண்டும்?" என்றும் கேட்போம். இறைவன் நமக்குத் துணைபுரிவாராக!