தோட்டத்துக் குடும்பமும் நகரத்து விடுதியும்



பள்ளி விடுமுறை நெருங்கும் நாள்களில் தோட்டங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இந்த லீவுக்காவது பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்" என்று ஒருவர் தொடங்குவார். பத்துமலை, மிருகக்காட்சிசாலை, பொருட்காட்சிசாலை என்று பிள்ளைகள் இடங்களை அடுக்குவார்கள். எல்லாம் பேசி முடிந்தபின் வீட்டுப் பெரியவர் ஒருவர், "அது சரி, ராத்திரி எங்கே படுப்பது?" என்று கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். எங்கள் கிள்ளானிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். கெடாவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ எட்டுப் பேர், பத்துப் பேராக வருகிறவர்களுக்கு அது முடியுமா?

"எங்கே படுப்பது?" என்ற இந்தக் கேள்வி புதியதன்று. நம் முன்னோர் கப்பல் ஏறிய நாள் முதல் இருந்து வருவது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். ஓட்டல் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது என்ன? தோசைக்கல்லும் தேநீர்க் கோப்பையும்தான். அறையும் கட்டிலும் தோன்றுவதில்லை. தங்குமிடத்துக்கு நாம் வழங்கிய சொல் சத்திரம். காசு வாங்காமல் வழிப்போக்கருக்கு இடமும் உணவும் கொடுத்த இடம் அது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோசி மன்னர் 1802இல் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெரியது. சத்திர நிருவாகம் தம் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு, நோயாளிக்கு மருந்து உண்டு, வழியில் பிரசவமான பெண் மூன்று மாதம் வரை தங்கலாம் என்று அதில் விளக்கினார். எல்லாச் சத்திரங்களும் அப்படி இருந்ததாக எண்ணிவிட வேண்டா. இன்ன சாதிக்கே இடம் என்று கதவடைத்த சத்திரங்களும் பல இருந்தன. ஆயினும் ஒன்று சொல்லலாம். குடும்பத்தோடு வருகிறவனை, "நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டு அதற்கேற்பக் காசு கணக்கிடும் வழக்கம் சத்திரத்தில் இல்லை.

இந்தச் சத்திரத்தை நம் முன்னோரால் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று மலாயாவில் ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் அவர்களைக் கூட்டிவைக்க முகாம்கள் இருந்தன. கடல் தாண்டிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினால் அங்கேயும் முகாம்தான். 1901இல் திறக்கப்பட்டு, 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அதே துறைமுகந்தான் அது. அம்மை உண்டா, பேதி உண்டா என்று பார்த்து முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். கூரை இலவசம், சோறு இலவசம். ஆனால் கதவு வெளிப்பக்கம் பூட்டியது. இந்த மண்ணில் பல குடும்பங்கள் கழித்த முதல் இரவு அப்படித்தான் கழிந்தது. அங்கிருந்து நேரே தோட்டத்து லயத்துக்குப் போனார்கள்.

அதற்குள் நகரம் வளரத் தொடங்கியிருந்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890இல் பாலம் கட்டி முடிந்ததும் வண்டி கிள்ளானுக்குள்ளேயே வந்தது. ரயில் வந்தால் பயணிகள் வருவார்கள், பயணிகள் வந்தால் தங்குமிடம் வரும். யாருக்கு வந்தது என்று பாருங்கள். சுற்றுப் பயணம் வரும் அரசாங்க அதிகாரிக்கு ஊருக்கு ஊர் ரெஸ்ட் ஹவுஸ் வந்தது. துரைமாருக்கு, 1910இல் எழுந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் உள்ளேயே ஓட்டல் வந்தது. எதிரே 1932இல் மெஜஸ்டிக் ஓட்டல் வந்தது. செட்டியார்களோ யாரையும் எதிர்பார்க்காமல் தமக்குத் தாமே ஏற்பாடு செய்துகொண்டார்கள். லெபோ அம்பாங்கில் இருந்த கிட்டங்கிகளில் ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள் நடந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகமும் ஒரு சிறு மேசையும் இருக்கும். பகலில் வட்டிக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரிப்பார்கள். மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு மூன்றாண்டுத் தவணையில் வந்த ஆண்களுக்கான இடம் அது.

ஆக, அதிகாரிக்கு இடம் இருந்தது, துரைக்கு இடம் இருந்தது, வணிகருக்கு இடம் இருந்தது. பாட்டி, கைப்பிள்ளை, கொழுந்தன், நாத்தனார் என்று கூட்டமாக வரும் தோட்டத்துக் குடும்பத்தை யாரும் விருந்தாளியாக எண்ணிக் கட்டடம் கட்டவில்லை. அவர்கள் நகரத்துக்கு வருவார்கள் என்றே யாரும் நினைக்கவில்லை போலும்.

ஆனால் அவர்கள் வந்தார்கள். 1873இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை 1891இல் பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எடுப்பித்தார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. தோட்டத்து லாரியில் சட்டிபானை, அரிசி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்கள் மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் சமைத்துச் சாப்பிட்டு, திறந்த வெளியிலேயே படுத்தெழுந்தன. விடுதி என்ற நினைப்பே அவர்களுக்கு எழவில்லை.

மற்ற நாள்களில் வருவோருக்குப் பிரிக்பீல்ட்ஸ் இருந்தது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற அந்தப் பகுதியில் ரயில்வே பட்டறையும் சரக்கு வண்டிகளை மாற்றும் பெரிய களமும் அமைந்தன. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று அவை பெயர் பெற்றன. அந்த வீடுகளில் யாருக்காவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தோட்டம் நம் பக்கத்தில் அரிது. கல்லூரி நேர்முகத்துக்குப் போனாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கல்யாணச் சேலை எடுக்கப் போனாலும் குவார்ட்டர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். முன்னறையில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், நடையில் பிள்ளைகள். மறுநாள் காலையில் கிணற்றடிச் சண்டை போலக் குளியலறைக்கு முன் ஒரு சண்டை நடக்கும், அவ்வளவுதான். இதற்கு வாடகை உண்டா? தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் கொண்டுபோகும் முருங்கைக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி இவைதாம் வாடகை. நம் மக்களின் உண்மையான ஓட்டல் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த வீட்டு அம்மாள்மார் எத்தனை இரவுகள் பத்துப் பேருக்குக் கூடுதலாகச் சோறு வடித்தார்கள் என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. வீடு ரயில்வேக்குச் சொந்தம். மாமா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் அதுதான் நடந்தது. 1980களின் இறுதியில் ஒரு தைப்பூசம். கெடாவிலிருந்து பெரியம்மா குடும்பத்தை அப்பா வரச்சொல்லியிருந்தார். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். மாமா அதற்கு முந்திய ஆண்டே ஓய்வு பெற்று, வீட்டைக் கொடுத்துவிட்டு, மகனோடு ஓர் அடுக்குமாடியின் சிறு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே இடமில்லை. "வாழ்நாளில் ஒரு தடவை ஓட்டலில் தங்குவோமே" என்றார் அப்பா. சாயங்காலம் ஒரு தங்கும் விடுதிக்குள் எல்லாரும் நுழைந்தோம். 'ரூமா தும்பாங்கான்' என்று வாசலில் பலகை இருந்தது. முகப்பில் இருந்தவர் எங்களை எண்ணிப் பார்த்தார். ஓர் அறைக்கு இரண்டு பேர், வேண்டுமானால் ஒரு சிறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். "ஒரே அறை போதும், நாங்கள் கீழே பாய் போட்டுக்கொள்வோம்" என்று பெரியம்மா சொன்னார். அவர் தலையை அசைத்துவிட்டார். நான்கு அறைக்கும் குறையாது. அப்பா சட்டைப்பையில் இருந்ததை எண்ணி, திரும்ப எண்ணி, மீண்டும் பைக்குள் வைத்தார். அது அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு வரும். விருந்துக்கு அழைத்தவர் அவர் அல்லவா? அவர் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அன்றிரவு பத்துமலை அடிவாரத்தில், மற்றவர்களைப் போலவே, தார்ப்பாயில் படுத்தோம். பிள்ளைகளான எங்களுக்கு அது கொண்டாட்டம். அப்பா மட்டும் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

அந்த விடுதிக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நவீன ஓட்டல் என்பது அறையை விற்கும் கடை. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கு வியாபாரிக்கும் தம்பதியருக்கும் பொருந்துவது. சுதந்திர விழா விருந்தினருக்காக 1957இல் பெடரல் ஓட்டல் திறக்கப்பட்டது. 1959இல் மெர்லின் ஓட்டல் வந்தது. அவையெல்லாம் வெளிநாட்டு விருந்தினரையும் வசதி படைத்தோரையும் எண்ணிக் கட்டப்பட்டவை. மறுபக்கம், விடுமுறை என்பதே தொழிலாளிக்குத் தாமதமாக வந்தது. மரம் வெட்டாத நாளில் சம்பளம் இல்லை என்றிருந்த காலத்தில் உல்லாசப் பயணம் யார் போவார்கள்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி இன்று சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு உண்டு: வேலையில் சேர்ந்து ஈராண்டுக்குள் 8 நாள், ஐந்தாண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். சம்பளத்தோடு விடுப்பு கிடைத்த பிறகுதான் "எங்கே படுப்பது?" என்ற கேள்வியே உல்லாசப் பயணத்துக்கும் வந்தது எனலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பிறகு என்ன ஆயிற்று? பழைய சரக்கு வண்டிக் களத்தின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதைச் சுற்றி வானளாவிய ஓட்டல்கள் எழுந்தன. நம் மாமாக்கள் இஞ்சினுக்குக் கொடி காட்டிய இடத்தில் இன்று வெள்ளைத் துணி விரித்த கட்டில்கள் கிடக்கின்றன. 2010இல் அப்பகுதி லிட்டில் இந்தியா என்று அறிவிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டன.

இப்பொழுது நம் கேள்விக்கு வேறு வகையாகவும் பதில் கிடைக்கிறது. அடுக்குமாடியில் மூன்று அறை வீட்டையே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் இருக்கும். பெரிய குடும்பத்துக்கு அது தோது. ஆனாலும் முன்பணம் அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டுக்கா, தலைக்கா? எத்தனை பேருக்கு மேல் கூடாது? அந்த அடுக்குமாடி நிருவாகம் நாள் வாடகையை அனுமதிக்கிறதா? ஓட்டலாக இருந்தால் குடும்ப அறை உண்டா, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வெளிநாட்டார் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி செலுத்த வேண்டும். மலேசியருக்கு அது இல்லை; ஆகவே அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நகைகளை அறையில் வைத்துவிட்டு வெளியே போக வேண்டா.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நாங்கள் அப்படியொரு வீட்டை இரண்டு இரவுக்கு எடுத்தோம். அப்பா இப்பொழுது இல்லை. பெரியம்மா வந்திருந்தார். பேரப்பிள்ளைகளோடு சேர்த்து இந்தத் தடவை பதின்மூன்று பேர். பத்தொன்பதாம் மாடிச் சன்னலிலிருந்து கீழே பார்த்து, "மாமா வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, கட்டில் தமக்குச் சரிப்படாது என்று கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். பிள்ளைகள் நால்வரும் கட்டிலைவிட்டு இறங்கிவந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள்.