கிளைவின் கைத்துப்பாக்கி

ஸ்ரீரங்கத்துச் சரித்திரத்தில் தற்கொலைக்குக் கௌரவமான இடம் உண்டு. வெள்ளைக் கோபுரத்தின் பெயருக்கே வெள்ளையம்மாள் என்ற தாசி காரணம் என்பது ஐதீகம். படையெடுத்து வந்த தளபதி ஒருவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்க் கீழே தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள் என்பார்கள். கோயிலொழுகு இன்னொன்றைச் சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சிச் சீமையை ஆண்ட கோனேரிராஜனின் வரிக்கொடுமையை எதிர்த்துக் கோயிலைச் சேர்ந்தவர் சிலர் கோபுரத்தில் ஏறி விழுந்து உயிரை விட்டார்கள். பிறகு விஜயநகரத்து நரஸ நாயக்கர் வந்து கோனேரிராஜனை அடக்கினார். இரண்டு கதைகளிலும் மரணம் ஒரு வாதம். செத்தவர் சாக நினைத்தார், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. (2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைப் பொதுவில் குற்றமாக வைத்துக்கொள்ளாமல், அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சியை மட்டும் 226ஆம் பிரிவில் தண்டிக்கிறது. கோனேரிராஜனுக்குப் பிடித்திருக்கும்.)

எழுதுகிறவர்களாகிய நம்மிடமும் இதே பார்வைதான், உடுப்பு மட்டும் வேறு. தற்கொலையே தத்துவத்தின் ஒரே தீவிரமான பிரச்னை என்று காம்யு 1942இல் சொன்னதை நாம் பிடித்துக்கொண்டோம். வாழ்வதன் பக்கம் நின்றே அவர் அந்தப் புத்தகத்தை முடித்தார் என்பதை விட்டுவிட்டோம். ‘ழ’வை நடத்திய ஆத்மாநாம் 1984இல் 33 வயதில் போன பிறகு, அவர் கவிதைகளை முன்கூட்டியே எழுதிவைத்த மரண வாக்குமூலமாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் என்ற ஸ்தூலமான விஷயம் இந்த வாசிப்பில் காணாமல் போகிறது. கவிதைக்கும் இது நியாயமில்லை, மனிதருக்கும் நியாயமில்லை.

இந்த ஊரின் சரித்திரத்திலேயே வேறொரு சாட்சியம் கிடக்கிறது. ராபர்ட் கிளைவ் 1744இல் கம்பெனி குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்தவர். தனிமையிலும் சோர்விலும் இருமுறை கைத்துப்பாக்கியைத் தன் தலைக்கு நேரே பிடித்து விசையை இழுத்தார், இருமுறையும் வெடிக்கவில்லை என்று மெக்காலேயின் 1840ஆம் வருஷத்துக் கட்டுரை சொல்கிறது. அதே ஆள் 1752இல் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாளையம் இறங்கியிருந்தார். அந்த ஜூனில் ஸ்ரீரங்கத் தீவுக்குள் அடைபட்டுப்போன பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தன்னை விதி ஏதோ காரியத்துக்காக வைத்திருக்கிறது என்று கிளைவ் எடுத்துக்கொண்டாராம். எனக்கு அதில் தெரிவது விதியல்ல, சிக்கிமுக்கிக் கல். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் கல் உரசி, பொறி வெளிக்கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ ஒரு சிறு துளை வழியாக உள்ளே போக வேண்டும். கல் தேய்ந்திருந்தாலோ மருந்து நமுத்துப்போயிருந்தாலோ அவ்வளவுதான். இன்றைய தோட்டாவுக்கு இந்தத் தயக்கங்கள் கிடையாது.

1774இல் லண்டனில் கிளைவ் தன் கையாலேயே இறந்தார் என்பது பொதுவான நம்பிக்கை. சாகிறவன் எப்படியும் சாவான் என்பதற்கு இதைக் காட்டுகிறவர்கள் இருப்பார்கள். நடுவில் சுமார் முப்பது வருஷங்கள் இருக்கின்றன. (அந்த முப்பது வருஷம் வங்காளத்துக்கு நல்லதாக இல்லை என்பது வேறு விஷயம்.) பெரும்பாலோர் கிளைவைப் போலத் திரும்பவும் அங்கே போய்ச் சேருவதில்லை. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று ஸைடன் என்பவர் தேடிப்போனார். 1978இல் வெளிவந்த அவர் ஆய்வின்படி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார விடுமுறையில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றது. தற்கொலைகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. குறைந்ததில் பெரும்பகுதி விடுமுறை நாட்களில்தான். அந்தச் சிப்பாய்களின் மனசை யாரும் மாற்றவில்லை. கைக்கெட்டும் தூரத்தை மாற்றினார்கள்.

நம் வீடுகளில் துப்பாக்கி இல்லாததற்கு நம் ஞானம் காரணமல்ல. 1857இன் பயம் தீராத வெள்ளைக்காரன் 1878இல் ஆயுதச் சட்டம் போட்டு லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் கூடாதென்றான். 1959ஆம் வருஷத்துச் சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்தது. அடிமைகளை நிராயுதபாணிகளாக்கச் செய்த காரியம், யாரும் உத்தேசிக்காமல், எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் 1960களில் பசுமைப் புரட்சியோடு வேறொன்று காவேரிப் பாசனத்து வீடுகளுக்குள் வந்தது. லைசென்ஸ் இல்லை, பூட்டு இல்லை. பயிருக்கு அடிக்கிற மருந்து, அரிசிப் பானை இருக்கிற அதே கூரையின் கீழ் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் மேஜை டிராயரில் இருக்கும் துப்பாக்கிக்கு நம் ஊரில் ஈடு இதுதான்.

இலங்கை இதை நமக்கு முன்னால் புரிந்துகொண்டது. 1950க்கும் 1995க்கும் இடையில் அங்கே தற்கொலை விகிதம் எட்டு மடங்கு ஏறியது. 1984இலிருந்து ஒவ்வொன்றாக மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1995இல் பெரிய தடை வந்தது. 2005க்குள் விகிதம் பாதியாகிவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் யுத்தம் முடிந்துவிடவில்லை. விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். விளைச்சல் விழவில்லை. துயரம் அப்படியே இருந்தபோது மரணம் மட்டும் குறைந்தது என்பதை நம் தத்துவவாதிகள் எந்தக் கட்டத்தில் போடுவார்களோ தெரியாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சின்ன முயற்சி நடந்த இடம் காட்டுமன்னார்கோயில். ஸ்ரீரங்கத்தில் அரையர்கள் பாடும் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் ஊர். சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’வைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பெட்டிகளில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை இரண்டு கிராமங்களில் செய்து பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியாயிற்று: அந்தக் கிராமங்களில் சாவுகள் குறைந்திருந்தன. ஆய்வு சிறியது, ஆனால் மருந்தை எடுக்க ஒருவர் பொது இடம் வரை நடந்துபோக வேண்டியிருந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த நடையில் யாராவது எதிரே வந்து ‘எங்கே இந்த நேரத்தில்?’ என்று கேட்டுவிடலாம்.

2022-23இல் தமிழக அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. 60 நாள் என்பது அரசின் சோம்பல் அல்ல. 1968ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தில் மாநிலத்துக்குத் தற்காலிகத் தடைக்குத்தான் இடமிருக்கிறது. ஒரு மருந்தை நிரந்தரமாக நிறுத்தும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது.