ஏலத்தில் ஒரு பழைய பேஸ் கிற்றார்: விலை எதற்கு, உரித்து யாருக்கு?

கண்டியில் கல்யாண வீடுகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் வாசிக்கும் இளைஞர்கள் மத்தியில் சில வருடங்களாக ஒரு பழக்கத்தைக் கவனித்து வருகிறேன். இரவு வேலை முடிந்ததும் வெளிநாட்டு ஏல நிறுவனங்களின் பக்கங்களைத் திறந்து, பழைய பேஸ் கிற்றார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெறுமனே பார்ப்பது என்றால் எழுத ஒன்றுமில்லை. ஆனால் லண்டனில் இருக்கும் அண்ணனின் வங்கி அட்டையும் டொரன்டோவில் இருக்கும் சித்தியின் முகவரியும் கைவசம் இருக்கும்போது, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இடையே இருப்பது ஒரு விரல் அழுத்தம்தான். நானும் அரைகுறையாக பேஸ் வாசிப்பவன். அந்த இழுப்பு எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த ஏலங்கள் எப்படி நடக்கின்றன, எதற்காக இவ்வளவு விலை கொடுக்கிறார்கள், கண்டிக்கு வந்து சேரும்போது கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதையெல்லாம் தேடிப் பார்த்தேன்.

பேஸ் கிற்றார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நான்கு தடித்த தந்திகள் கொண்ட, அடிச்சுருதியில் ஒலிக்கும் மின்கிற்றார். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் குரலுக்குக் கீழே தனியாக ஒரு பாட்டுப்போல ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பேஸ். அவருக்கு வாசித்த சசிதரனையும், ஏ. ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீற்றர்ஸையும் முகம் தெரியாமலேயே நாம் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறோம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்களோடு வளர்ந்த எங்கள் பெற்றோருக்கும் இந்தச் சத்தம் புதிதல்ல.

அமெரிக்காவின் ஃபென்டர் நிறுவனம் 1951 இல் வெளியிட்ட 'பிரிசிஷன்' என்ற பேஸ்தான் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி. அன்று அதன் விலை சுமார் 200 டொலர். 1960 இல் 'ஜாஸ்' பேஸ் வந்தது. 1965 ஜனவரியில் ஃபென்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனம் 130 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு தரம் இறங்கிவிட்டது என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை என்பது வேறு விவாதம். ஆனால் சந்தை அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. 1964 என்று நிரூபிக்க முடிந்தால் ஒரு விலை, 1968 என்றால் இன்னொரு விலை.

ஏலம் என்றால் எங்களுக்கு வேறு அர்த்தம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீடுகளில் 'ஏலம்' நல்ல சொல் அல்ல. அடகு வைத்த நகை மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போவது, கடன் கட்ட முடியாத காணி ஏலத்துக்குப் போவது, இவைதான் நாம் அறிந்த ஏலங்கள். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகாமலேயே வங்கிகள் ஈட்டுச் சொத்தை விற்கலாம். பத்திரிகைகளில் வரும் அந்த விற்பனை அறிவித்தல்களில் அடிக்கடி காணப்படும் பெயர்களில் ஒன்று, 1892 இல் தொடங்கப்பட்ட ஷொக்மன் அன்ட் சமரவிக்ரம. அவர்களின் தலைமை அலுவலகம் இருப்பது கண்டி டொரிங்டன் வீதியில். மலையகத்து மக்கள் பறிக்கும் கொழுந்தும் 1883 முதல் கொழும்பில் ஏலத்தில்தான் விலை போகிறது. ஏலத்தில் நாங்கள் நின்ற பக்கம் பெரும்பாலும் விற்கப்படும் பக்கம், அல்லது விலை தீர்மானிக்கப்படும் பக்கம்.

வாங்கும் பக்கத்தில் முதல்முறை நிற்கும்போது ஒரு மிதப்பு வரத்தான் செய்யும். உலகத்தில் யாரோ ஒருவரோடு சரிக்குச் சரி போட்டி போடுகிறோம் என்ற மிதப்பு. ஏல நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆரம்ப விலையைக் குறைத்துப் போடுவார்கள். விற்பவர் மனதில் வைத்திருக்கும் அடிமட்ட விலையை மறைத்து வைப்பார்கள். 'உங்களை முந்திவிட்டார்கள்' என்று செய்தி அனுப்புவார்கள். அந்தச் செய்தி வரும் கணத்தில், இன்னும் நம்முடையதாகாத ஒரு பொருளை இழந்துவிட்டதுபோல மனம் பதைக்கும். ஏற்கெனவே இழந்தவர்களுக்கு அந்தப் பதைப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு பெயரும் உண்டு: 'வென்றவரின் சாபம்'. 1971 இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியொன்றின் பொறியியலாளர்கள் மூவர், கடலடி எண்ணெய்த் துண்டுகளுக்கான ஏலங்களை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். ஒரு பொருளின் பெறுமதியைப் பலர் தனித்தனியே கணக்கிடும்போது சிலர் குறைவாகவும் சிலர் கூடவும் போடுவார்கள். ஏலத்தில் வெல்பவர் அனேகமாக ஆகக் கூடுதலாகக் கணக்குப் போட்டவர். ஆகவே வென்றுவிட்டோம் என்பதே கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். பழைய கிற்றாருக்கு இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் விலை போடுகிறார்கள்.

கண்டிக்கு வரும்போது

ஒரு உதாரணக் கணக்கு. 3,000 டொலருக்குச் சுத்தியல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டொலர் 300 ரூபா என்றால் ஒன்பது இலட்சம். பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடமும் தரகு எடுக்கும். 25 வீதம் வழக்கமான ஒன்று. அது 750 டொலர். அனுப்புவதற்கும் காப்புறுதிக்கும் 350 என்று வைத்தால் மொத்தம் 4,100 டொலர், அதாவது 12 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. இதன்மேல் 18 வீத வற் வரி மட்டும் போட்டாலே 2 இலட்சத்து 21 ஆயிரத்து 400. ஒன்பது இலட்சம் என்று தொடங்கியது பதினான்கரை இலட்சத்தில் வந்து நிற்கிறது. சுங்கத்தின் மற்றைய அறவீடுகளை நான் இன்னும் சேர்க்கவில்லை.

ரூபாவையும் நம்ப முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நெருக்கடியில் அத்தியாவசியமற்ற பொருட்கள் பலவற்றின் இறக்குமதியே நிறுத்தப்பட்டது. எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. ஒரு செட் பேஸ் தந்தியைக் கொதிநீரில் போட்டுப் போட்டு வருடக்கணக்கில் வாசித்த கதையைக் கண்டியின் பழைய வாத்தியக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே கேட்பதற்கு முன்பே, அந்தப் பொருள் இன்றைய திகதியில் உள்ளே வரலாமா, என்னென்ன அறவீடு என்று சுங்கத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மரமும் பிரச்சினையாகலாம். அறுபதுகளின் நடுப்பகுதி வரையான ஃபென்டர்கள் பலவற்றில் விரற்பலகைக்குப் பயன்பட்டது பிரேசில் ரோஸ்வூட். அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையில் அந்த மரம் 1992 முதல் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. 2017 இல் ரோஸ்வூட் இனங்கள் எல்லாமே கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019 நவம்பரில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகக் கூடுதல் விலை போகும் வருடங்களின் கிற்றாருக்குத்தான் அனுமதிப்பத்திரச் சிக்கலும் கூட.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கிற்றார் திருத்தும் ஒரு அண்ணன் இருக்கிறார். ஏலப் படங்களைக் காட்டினேன். "தம்பி, படத்துல எல்லாக் கழுத்தும் நேராத்தான் இருக்கும். பொட்டியத் தொறந்து பாக்குறப்பதான் தெரியும்" என்றார். குளிர்நாட்டின் உலர்ந்த அறையில் அறுபது வருடம் கிடந்த மரம் கண்டி மழைக்காலத்தின் ஈரத்துக்கு வரும்போது அசையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம்தான். அந்தக் கம்பி ஏற்கெனவே கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எதைக் கேட்க வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். கழுத்தைக் கழற்றி அதன் அடியிலுள்ள திகதி முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். உள்ளே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைக் கேட்க வேண்டும். 1376612 என்று இருந்தால், 137 என்பது தயாரித்த கம்பனி, அடுத்துவரும் 66 வருடம், 12 வாரம். 1962 என்று விற்கப்படும் கிற்றாருக்குள் 1966 இன் பாகம் இருந்தால் அது மாற்றப்பட்டிருக்கிறது. மேற்பூச்சு மீண்டும் அடிக்கப்பட்டிருந்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தச் சந்தையின் பொது வழக்கு. இந்தப் படங்களைத் தர மறுக்கும் விற்பனையாளரோடு பேச்சை வளர்க்க வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பான கருத்து. என்னுடையதும் அதுவே.

காகிதம் உள்ளவனின் கிற்றார்

விலையில் பெரும்பகுதி மரத்துக்கோ சத்தத்துக்கோ அல்ல என்பது தேடத் தேடத் தெளிவாகியது. 2020 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வைத்திருந்த 1969 ஆம் ஆண்டு ஃபென்டர் மஸ்ராங் பேஸ் ஒன்று 384,000 டொலருக்குப் போனது. மஸ்ராங் என்பது மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட மலிவான ரகம். கொடுத்த பணம் அது யார் கையில் இருந்தது என்பதற்கும், அதை நிரூபிக்கும் காகிதத்துக்கும்தான். பிரபலம் எவரும் தொடாத சாதாரணப் பழைய கிற்றாருக்கும் இதே விதிதான். முதல் ரசீது, அசல் பெட்டி, கடையின் பெயர்ச்சீட்டு, பழைய குடும்பப் படம் என்று ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். ஐம்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே அலுமாரியில், யாரும் துரத்தாமல் வாழ்ந்த குடும்பத்தின் காகிதங்கள் அவை.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இரவோடிரவாக வெளியேறியவர்கள் ஆர்மோனியத்தையும் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களும் ரசீதை எடுத்திருக்க மாட்டார்கள். வன்னியில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் கையிலிருந்தது குறைந்துகொண்டே போனது. கண்டியில் எனக்குத் தெரிந்த வடக்குக் குடும்பங்களில், அப்பா வாசித்த வாத்தியத்தின் படம்கூட இல்லாத வீடுகள்தான் அதிகம். இருந்தாலும் சந்தையின் கண்ணில் அது 'வரலாறு அற்ற பொருள்' ஆகத்தான் இருந்திருக்கும்.

காணாமல் போன பேஸ்களின் கதைகள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதனால்தான். டெட்ரொய்ட்டின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983 ஓகஸ்ட் 2 ஆம் திகதி இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய 1962 பிரிசிஷன் பேஸ் திருடப்பட்டது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்ததும் அதே ஜூலைக் கடைசியில்தான். இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. அந்தத் திகதியைக் காணும்போது எங்களில் யாருக்கும் நினைவு அங்கே போகாமலிருக்காது.

திரும்பி வந்தவையும் உண்டு. போல் மக்கார்ட்னி 1961 இல் ஹம்பேர்க் நகரில் சுமார் 30 பவுணுக்கு வாங்கிய ஹொஃப்னர் பேஸ் 1972 இல் லண்டனில் ஒரு வாகனத்திலிருந்து திருடப்பட்டது. ஹொஃப்னர் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரும் இரு ஊடகவியலாளர்களும் சேர்ந்து தேட, அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டது. திரும்பக் கிடைத்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளியானது. ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986 இல் நியூயோர்க்கில் பறிபோய், இருபது வருடம் கழித்து அதே நகரத்தில் ஒரு வாத்தியக் கடையில் தலைகாட்டியது. குடும்பத்துக்கும் கடைக்கும் வழக்கு நடந்தது. கடைசியில் மெற்றாலிக்கா குழுவின் றொபேர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்துத் தீர்த்துவைத்தார்.

ஒரு பெரும் புகழாளரின் கிற்றாரே கடையில் விற்பனைக்கு வரலாம் என்றால், ஏலத்துக்கு வரும் சாதாரணக் கிற்றார் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? எங்கள் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி, விற்பவருக்கு இல்லாத உரித்து வாங்குபவருக்கும் கிடைக்காது என்பது. விதிவிலக்குகள் உண்டு, நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். ஆனாலும் கேள்வி சட்டத்தோடு முடிவதில்லை. பறிகொடுத்தவர்கள் நாங்கள். இன்னொருவர் பறிகொடுத்ததைத் தெரியாமல் வாங்கிச் சுவரில் மாட்டிவைக்க முடியுமா? தொடரிலக்கம் என்ன, முன்பு யாரிடம் இருந்தது, திருட்டுப் பதிவுகளில் பார்த்தீர்களா என்று ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பதற்குப் பணம் எதுவும் செலவாகாது. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வாசிப்பதற்காக ஒரு பேஸ் வேண்டும் என்றால், பதினான்கரை இலட்சத்தின் சிறு துண்டுக்கு ஆசிய நாடுகளில் செய்யப்படும் புதிய கிற்றார்கள் கொழும்பிலும் கண்டியிலும் கிடைக்கின்றன. கல்யாண வீட்டு மண்டபத்தில் மிருதங்கத்துக்கும் கீபோர்ட்டுக்கும் நடுவே இரண்டின் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு என் வணக்கம். முதலீடு என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, விற்க வேண்டி வந்தால் கண்டியிலிருந்து யாருக்கு விற்பீர்கள் என்பதுதான். திரும்பவும் அதே ஏலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவு மீண்டும், தரகு மீண்டும், இம்முறை விற்பவராக.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் வாத்தியத்தைப் பற்றி ஒரு வேலை. வயலினோ, தவிலோ, பழைய ஜப்பான் கிற்றாரோ, எதுவாக இருந்தாலும் முன்பக்கம், பின்பக்கம், தொடரிலக்கம், கீறல்கள் எல்லாவற்றையும் படமெடுங்கள். யார் எப்போது எங்கே வாங்கியது என்று தெரிந்தவரையில் ஒரு தாளில் எழுதி அதையும் படமெடுங்கள். பிறகு, ஏலத்துக்காக அட்டை கேட்க நினைத்த அதே லண்டன் அண்ணனுக்கு அனுப்பிவையுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் அவரிடம் ஒரு பிரதி இருக்கும்.