கீரிமலையும் மூளாயும்

நோய் தீர்க்கும் நீரை நாடி மக்கள் நெடுந்தூரம் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய பெருமை பெற்றது கீரிமலை. நிலத்தில் விழும் மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே ஊறிச் சென்று, கடலோரத்தில் நன்னீராக வெளிப்படுகின்றது. குதிரைமுகம் கொண்டிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி நலம் பெற்றாள் என்பது ஐதிகம். ஐதிகம் வரலாறாகாது; ஆயினும், உடல்நலம் வேண்டி இவ்விடத்திற்கு வந்தோரின் நினைவை அது பேணி நிற்கின்றது. வந்தோர் தங்குவதற்கு மடங்கள் எழுந்தன. அறமே அவற்றின் முதலாயிருந்தது.

அறம் செய்த பணியை ஐக்கியமும் செய்யலாம் என்பதைக் காட்டியது மூளாய்க் கிராமம். இலங்கையில் 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. கடன் கொடுப்போரின் பிடியிலிருந்து கமக்காரரை மீட்பதே அவற்றின் முதல் நோக்கம். பின்னர், மலையாளத்துக்குப் புகையிலை விற்பதற்கும் சங்கம் அமைந்தது. 1930-களின் நடுப்பகுதியில் மூளாய் மக்கள் ஒரு படி மேலே சென்று, கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றையே நிறுவினர். அங்கத்தவர்களே அதன் உடைமையாளர். பங்குப்பணம் எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் விதி. ஆதலின், நோயாளியாக வருபவனே நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையும் உடையவனானான்.

1990-ஆம் ஆண்டில் போர் கீரிமலை மக்களை இடம்பெயரச் செய்தது. 2009-இல் போர் முடிந்தபின் யாத்திரிகரும் உல்லாசப் பிரயாணிகளும் குடாநாட்டிற்கு மீண்டும் வரத் தொடங்கினர். நீராட்டும், மூலிகை வைத்தியமும், பனம்பண்டங்களும் இன்று வருவாய்க்குரிய பொருள்களாகக் கருதப்படுகின்றன. அவ்வருவாய் யாருக்கு உரியது என்பதே ஆராயத்தக்கது.

குடாநாட்டிற்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழையே நிலத்தடி நீருக்கு மூலம். கிணற்றுக்கு நீர் தரும் பாறை, கழிவையும் எளிதிற் கடத்திவிடும். ஒரு விடுதியின் கழிவு அயலவனின் கிணற்றைக் கெடுக்கும். ஈற்றில் ஊற்றையும் கெடுக்கலாம். வெளியூர் முதலாளி நட்டமடைந்தால் வேறிடம் செல்வான். ஊரவனோ அந்நீரையே பருக வேண்டும். ஆதலால், விருந்தினரை வரவேற்கும் தொழிலை அக்கிணறுகளுக்கு உரியோரே சங்கமாகக் கூடி நடத்துவது சாலச் சிறந்தது.

சங்கம் என்ற பெயர் மட்டும் போதாது. கணக்குப் பரிசோதனை தவறினாலும், கட்சிச் சார்பு புகுந்தாலும் எச்சங்கமும் நலியும். விழிப்புள்ள அங்கத்தவரே அதன் காவல். கீரிமலை நீரைத் தந்தது. மூளாய் நெறியைத் தந்தது. இரண்டையும் இணைப்பது இத்தலைமுறையின் கடமை.