சம்பங்கி: ஒரு கிழங்கின் பெயர் வரலாறு

அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு மாணவர் கட்டுரை, சம்பங்கியைச் சங்க காலத்திலிருந்தே தமிழர் வளர்த்துவரும் பூ என்கிறது. குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலில் வரும் சண்பகமே அதற்குத் தரப்படும் சான்று. அந்தச் சண்பகம் ஒரு மரம். நாம் மாலை தொடுக்கும் வெள்ளைச் சம்பங்கியோ கிழங்கிலிருந்து முளைப்பது. அதன் தாயகம் மெக்சிகோ. அங்கு நாவாட்டில் மொழியில் அதன் பெயருக்கு 'எலும்புப் பூ' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்குக் காலூன்றிய பின்னரே அது கடல் கடந்தது.

வந்த செடிக்குப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? மணத்தால் நினைவூட்டிய பழைய மரத்திடமிருந்து என்றே கருதுகிறேன். மரமன்று, தரையில் வளர்வது என்பதைக் காட்ட 'நில' என்னும் அடை சேர்ந்தது: நிலச்சம்பங்கி. தெலுங்கிலும் இதே அமைப்பு: நேலசம்பெங்க. நாளடைவில் தமிழில் அடை உதிர்ந்தது. மாணவர் இடறியது இங்கேதான். (ஆங்கிலேயரும் இடறினர். கிழங்குடையது என்னும் பொருளுள்ள 'டியூபரோசா' அவர்கள் வாயில் 'டியூப் ரோஸ்' ஆயிற்று. ரோசாவுக்கும் அதற்கும் உறவே இல்லை.)

கிழங்கிலிருந்து பூக்கும் அழகுச்செடி என்றால் உலகம் டூலிப்பையே நினைக்கிறது. 1594இல் லெய்டன் தோட்டத்தில் குளூசியஸ் பூக்கவைத்த டூலிப்புக்குக் குளிர்காலம் தேவை. நடு அந்தமானின் ரங்கத்தில் குளிர்காலமே இல்லை. குளிரை எதிர்பாராத சம்பங்கிக் கிழங்கு அங்கே எளிதில் வேர்கொள்கிறது.

1947க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் நடு அந்தமானில் குடியமர்த்தப்பட்டனர். தமிழரும் அங்கு வாழ்கின்றனர். ஆகவே அடுத்தடுத்த இரு வீட்டு முற்றங்களில் ஒரே செடிக்கு இரு பெயர்கள்: வேலிக்கு இப்பால் சம்பங்கி, அப்பால் ரஜனிகந்தா. முன்னது செடியை ஒரு மரத்தோடு ஒப்பிடுகிறது. பின்னது அது மணக்கும் இரவைச் சொல்கிறது. குடியேறியோரின் முற்றங்களுக்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. கிழங்கு யார் கைமாறி வந்தது என்பதை அறியப் பெரும்பாலும் இந்தப் பெயர்களே நமக்கு மிஞ்சுகின்றன. அவற்றைச் சங்க காலத்துக்குத் தள்ளிவிட்டால் அந்தத் தடமும் அழியும்.

மாணவரிடம் சண்பகத்தை விட்டுவைத்து, சம்பங்கிக்குத் தனி அத்தியாயம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.