ஒரு மெட்டு, இரண்டு வானொலிகள்

1997 அக்டோபர் கடைசியில் லண்டனில் ஒரு பாப் பாட்டு வெளியானது. பாடியவர் நடாலி இம்புரூலியா. சிட்னிப் பெண், வயது 22. 'நெய்பர்ஸ்' என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் பெத் என்ற பாத்திரமாக நடித்துவிட்டு, அதை விட்டு லண்டனுக்கு வந்தவர். வேலை இல்லாமல் இருந்தவர். பாடகி என்று அவரை யாரும் அறிந்ததில்லை. 'டோர்ன்' அவருடைய முதல் பாட்டு. அடுத்த ஆண்டு அமெரிக்க வானொலிகளில் அதிகம் ஒலித்த பாட்டு எது என்ற பட்டியலில் அது 11 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது.

முதல் பாட்டிலேயே இப்படியா என்று உலகம் வாய் பிளந்தபோது டென்மார்க்கில் பலர் வேறு விதமாகப் புருவம் உயர்த்தியிருப்பார்கள். அவர்களுக்கு அது நாலு வருஷத்துப் பழைய மெட்டு. 1993-லேயே லிஸ் சோரென்சன் அதை டேனிஷ் மொழியில் பாடிவிட்டார். பெயர் 'பிரெண்ட்'. 'எரிந்துபோனது' என்று பொருள். ஒலித்தட்டாக முதலில் வந்தது இந்த டேனிஷ் பாட்டுதான். ஆங்கிலத்தில் அதை எழுதியவர்களே அப்போது அதை வெளியிட்டிருக்கவில்லை.

இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்க பிரெடெரிசியா போன்ற ஊர் பொருத்தமான இடம். யூட்லாந்துத் தீபகற்பம் ஃபியூன் தீவைத் தொடப்போகும் இடத்தில், லிட்டில் பெல்ட் நீரிணை ஓரம் இருக்கிற ரயில் சந்திப்பு அது. அதன் வட்டார வானொலி பக்கத்து வைலே நகரிலிருந்து வரும் 'பி4 டிரெகண்டன்'. 1980-களில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து யூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியமர்ந்த தமிழர்களுக்கு டேனிஷ் மொழி பாதி வகுப்பறையில் ஏறியது, மீதி தொழிற்சாலையிலும் வானொலியிலும் காதோடு வந்தது. அந்தத் தலைமுறைக்கு எது அசல், எது நகல் என்று கேட்டால் பதில் லண்டன்காரர் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கும்.

பாட்டின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர்கள் மூவர்: அமெரிக்கர்களான ஸ்காட் கட்லர், ஆன் பிரெவன், ஆங்கிலேயரான பில் தார்னலி. கட்லரும் பிரெவனும் பின்னால் 'எட்னாஸ்வாப்' என்ற ராக் குழுவை நடத்தினார்கள். தார்னலி 1980-களில் 'தி க்யூர்' குழுவில் கொஞ்ச காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர், ஒலிப்பதிவுக்காரர். பாட்டை எழுதி வைத்துவிட்டு யார் பாடுவார்கள் என்று சுற்றியவர்களுக்கு முதலில் கதவு திறந்தது டென்மார்க். எலிசபெத் யெர்லுஃப் நீல்சன் டேனிஷ் வரிகளை எழுதினார். எட்னாஸ்வாப்பின் சொந்தப் பதிவு வந்தது 1995-ல். 1996-ல் நார்வேப் பாடகி த்ரினே ரைன் ஆங்கிலத்தில் பாடினார். நடாலிக்கு வரும்போது அது நாலாவது கை.

இனி டென்மார்க் பக்கம். லிஸ் சோரென்சன் புதுமுகம் அல்ல. 1970-களில் ஆர்ஹுஸ் நகரில் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்திய 'ஷிட் அண்ட் ஷனேல்' குழுவில் இருந்தவர். (இந்தப் பெயருக்காகப் பாரிஸின் ஷனேல் வாசனைத் திரவிய நிறுவனம் வழக்குப் போட்டது, குழு பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.) பிறகு தனியாகப் பாடி, 1989-ல் பெரிய வெற்றி கண்டு, நாடறிந்த குரலாகிவிட்டவர். 'பிரெண்ட்' பதிவானபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு ஓடியதில் யாருக்கும் வியப்பில்லை. பெயருள்ளவர் பாடினார், வானொலி போட்டது, ஜனங்கள் கேட்டார்கள்.

ஆனால் 'வானொலி போட்டது' என்ற நடுத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. 1993-ல் டென்மார்க்கில் நாடு முழுவதும் எட்டும் வானொலி என்றால் அரசு ஒலிபரப்பான டி.ஆர். மட்டும்தான். நாடு தழுவிய தனியார் பண்பலை வந்தது 2003-ல். அதற்கு முன் நகரத்துக்கு நகரம் சின்னச் சின்ன உள்ளூர் நிலையங்கள் இருந்தன. அவற்றின் எல்லை அந்த நகரத்தோடு சரி. பாப் பாட்டுக்கென்று இருந்தது டி.ஆரின் 'பி3' அலைவரிசை. அது பிறந்த கதையே சுவையானது. 1958-ல் 'ரேடியோ மெர்குர்' என்ற கள்ள வானொலி கப்பலில் ஏறி, கடல் எல்லைக்கு வெளியே நின்று டென்மார்க்குக்குப் பாட்டு ஒலிபரப்பியது. இளைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். 1962-ல் அரசு அதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. தடை போட்டால் மட்டும் போதாது, அவர்கள் கேட்க விரும்பியதைத் தானும் கொடுக்க வேண்டும் என்று உணர்ந்து 1963 ஜனவரியில் பி3-யைத் தொடங்கியது.

ஆக, ஐம்பது லட்சம் சொச்சம் மக்கள், ஒரு பாப் அலைவரிசை. அங்கே தேர்வாகிவிட்டால் ஸ்காகன் முனையிலிருந்து பிரெடெரிசியா வழியாகக் கோபன்ஹேகன் வரை ஒரே நாளில் எல்லோர் காதிலும் விழும். தேர்வாகாவிட்டால் எங்கும் இல்லை. நம் ஆட்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் யாழ்ப்பாணத்திலும் ராமேஸ்வரத்திலும் திருநெல்வேலியிலும் அதே மாலையில் அது முணுமுணுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததே.

லண்டனில் நடந்தது வேறு. நடாலியிடம் பெயர் இல்லை, தொடர்நடிகை என்ற பட்டம் இருந்தது. பிரிட்டனில் அது பாரம். அதே தொடரிலிருந்து வந்து பாடகிகளானவர்கள் முன்பே உண்டு, கைலி மினோக் உட்பட. இன்னொன்றா என்ற இளக்காரம் தயாராகக் காத்திருந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது 'டோர்ன்' பாட்டின் மாதிரிப் பதிவைக் கேட்டுத்தான். தார்னலியே தயாரித்தார். ஒலிக்கலவை செய்தவர் நைஜல் காட்ரிச். அதே ஆண்டு ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பைத் தயாரித்து முடித்திருந்தவர். இந்தப் பெயர்களைப் பார்த்தபிறகு 'எதிர்பாராத வெற்றி' என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பயன்படுத்துகிறேன். பாடகி புதியவர், பாட்டோ மூன்று தடவை மக்கள் முன்னால் பாடிப் பார்க்கப்பட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்ட பாட்டு.

எட்னாஸ்வாப்பின் பதிவைக் கேட்டால் இது விளங்கும். கனத்த கிட்டார், மெதுவான நடை, பாடுகிறவரின் வேதனை நம் மேலும் ஏறி உட்காரும். இரவில் தனியாகக் கேட்க நல்ல பாட்டு. காலையில் காரில் போகும்போது அலைவரிசையை மாற்றிவிடுவோம். தார்னலி அதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு பின்னணியை வெளிச்சமாக்கினார். எடுத்தவுடன் ஒரு மரக்கிட்டாரின் துள்ளல், தாளம் சுழன்றுகொண்டே இருக்கிறது, பல்லவிக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஒரு பெண் நம்பியவன் பொய்யாகிப்போய் நொறுங்கிக் கிடக்கிறாள். வாத்தியங்களோ வெயில் நாளில் நடை போடுகின்றன. அந்த முரண்தான் வானொலிக்காரர்களுக்கு வசதி. செய்திக்கு முன்னாலும் போடலாம், விளம்பரத்துக்குப் பின்னாலும் போடலாம். நடாலியும் குரலை உயர்த்திக் கதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் பாடினார்.

லிஸ் பாடியதில் இந்த வசதி குறைவு. அவர் குரலில் வயது இருக்கிறது. நடாலி பாடும்போது அடுத்த மாதம் இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று தோன்றும்; லிஸ் பாடும்போது அந்த நிச்சயம் வராது. பாடுவது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் என் ஓட்டு டேனிஷ் பாட்டுக்கு. பாட்டைக் கட்டிய விதம் என்றால் லண்டன் பதிவுக்கு. இரண்டும் ஒரே தட்டில் சேரவே இல்லை என்பதுதான் வருத்தம்.

வெற்றியின் அளவும் இரண்டு இடத்தில் இரண்டு கோலால் அளக்கப்பட்டது. பிரிட்டனில் அன்றைய தரவரிசை கடையில் விற்ற ஒலித்தட்டுகளை மட்டும் எண்ணியது. 'டோர்ன்' அங்கே பத்து லட்சத்துக்கு மேல் விற்றும் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. முதலிடத்தில் வழிமறித்து நின்றது எது தெரியுமா? 'பார்பி கேர்ள்'. பாடிய 'அக்வா' கோபன்ஹேகன் குழு. மெட்டுக்கு முதல் வீடு கொடுத்த நாடே அதன் முடிசூட்டலையும் தடுத்தது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே 'ஹாட் 100' என்ற முதன்மைப் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் பாட்டு தனி ஒலித்தட்டாகக் கடையில் கிடைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இசை நிறுவனங்கள் கணக்குப் போட்டன: ஒரு பாட்டுக்கு ஆசைப்படுகிறவனை முழுத் தொகுப்பையும் வாங்க வைத்தால் லாபம் பல மடங்கு. எனவே பாட்டை வானொலிக்கு மட்டும் கொடுத்தார்கள், கடைக்குக் கொடுக்கவில்லை. இதனால் 11 வாரம் நாட்டிலேயே அதிகம் ஒலித்த பாட்டு, முதன்மைப் பட்டியலில் இல்லவே இல்லை. 1998 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் அலை ஓய்ந்துவிட்டது; 'டோர்ன்' பட்டியலில் தொட்ட உயரம் 42. வருங்காலத்தில் யாராவது அந்தப் பட்டியலை மட்டும் புரட்டினால், சுமாராக ஓடிய பாட்டு என்று எழுதிவைப்பார்கள். பட்டியலை வைத்துப் பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த 42-ஐ ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

வெற்றிக்குப் பிறகு நடாலி மேல் ஒரு குறை விழுந்தது: இது அவர் எழுதிய பாட்டில்லை, ஏற்கெனவே பிறர் பாடியது. ஏமாற்று என்ற தொனியில்கூட பேசினார்கள். லிஸ் மேல் அப்படி ஒரு குற்றச்சாட்டு எழ வழியில்லை. டேனிஷ் பாப் உலகில் வெளிநாட்டு மெட்டுக்கு உள்ளூர் வரி எழுதிப் பாடுவது சகஜமான தொழில். பாடகி என்பவர் பாட வந்தவர். ஆங்கில ராக் உலகம் 1960-களுக்குப் பிறகு வேறு ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டது: பாடுகிறவரே எழுதினால்தான் அது உண்மை. எனக்கு அந்த நம்பிக்கையில் பற்றில்லை. டி.எம்.எஸ். கண்ணதாசனின் சோகத்தைப் பாடியபோது யாரும் ரசீது கேட்கவில்லை. நடாலிக்கு நேர்ந்த தவறு பிறர் பாட்டைப் பாடியதல்ல. அவரை விற்றவர்கள், பாட்டுக்குப் பின்னால் இருந்த நாலு வருஷத்தை உரக்கச் சொல்லாமல், புதுமுகத்தின் முதல் பாட்டு என்ற கதையை மட்டும் முன்னால் நிறுத்தியதுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிய 'சுராங்கனி' இலங்கையின் பைலா ஆட்டத்தாளத்தில் பிறந்த பாட்டு. அது கடல் தாண்டியது; 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடி, தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. இங்கே பலருக்கு அது சினிமாப் பாட்டு. கொழும்பில் கேட்டவர்களுக்கு மனோகரன் பாட்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். மனோகரனின் பெயர் அழியவில்லை. 'சிலோன் மனோகர்' என்று சென்னையில் அவரே வந்து பாடினார், படங்களில் நடித்தார், 2018-ல் இங்கேதான் இறந்தார். ஒரே மொழி பேசுகிற இரண்டு கரைகள் என்பதால் முதல் குரல் பின்னாலேயே வந்து சேர முடிந்தது. டேனிஷ் மொழியில் பாடிய லிஸ் சோரென்சனுக்கு அந்தப் படகு கிடைக்கவில்லை. 'டோர்ன்' எத்தனை நாடுகளில் ஒலித்தாலும் அதைக் கேட்டு 'பிரெண்ட்' தேடி வந்தவர்கள் வினாடிவினாப் பிரியர்கள்தான்.

அதற்காக லிஸ் மேல் இரக்கப்பட வேண்டாம். அவர் சொந்த நாட்டில் பெரிய பாடகி. அந்தப் பாட்டு அவருடைய பல வெற்றிகளில் ஒன்று. நடாலிக்குத்தான் சிக்கல். 1999 கிராமி விழாவில் சிறந்த புதுமுகம் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், விருது லாரின் ஹில்லுக்குப் போனது. பின்னர் சில நல்ல பாட்டுகளைப் பாடினார். ஆனால் எந்த மேடை ஏறினாலும் கூட்டம் முதல் பாட்டைத்தான் கேட்கும். ஒரு பாட்டு பலவற்றுள் ஒன்றாக இருப்பதும், ஒரே ஒன்றாகிப்போவதும் வேறு வேறு. எனக்குத் தெரிவு கொடுத்தால் முன்னதையே எடுப்பேன்.

தமிழ்ப் பண்பலை அறிவிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அந்தக் கால இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என்று நாலு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழலவிடுவார்கள். அதற்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியைத் திருப்பிக் கொடுங்கள். மறுபதிவாக இருந்தால் முதலில் பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.