கண்ணாடிக் குப்பியில் தண்ணீர்

1909 ஜூன் 9 அன்று நியூயார்க்கில் மழை. நனைந்தபடியே ஆலிஸ் ராம்சே தன் மாக்ஸ்வெல் காரின் முன்னால் குனிந்து, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார். வயது 22. வீட்டில் சின்ன மகன். கணவர் வழக்கறிஞர், கார் ஓட்டாதவர். கூட ஏறியவர்கள் நாத்தனார்கள் இருவரும் ஒரு தோழியும். அவர்களுக்கும் ஓட்டத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் சுமார் 3,800 மைலை ஆலிஸ் ஒருவர்தான் ஓட்டியாக வேண்டும்.

செலவு மாக்ஸ்வெல் நிறுவனத்துடையது. ஒரு பெண்ணே ஓட்டிப்போகிற வண்டியை எவரும் ஓட்டலாம் என்பது அவர்களுடைய விளம்பரக் கணக்கு. பாராட்டுப் போலத் தெரியும் இந்தக் கணக்கில் பெண்ணின் திறமைக்கு இடமே இல்லை. வண்டி எளிது என்று காட்ட, ஓட்டுபவள் பலவீனமானவளாக இருந்தாக வேண்டும்.

அயோவா மாநிலத்தின் சேற்றில் நடந்ததோ வேறு. தார் இல்லாத மண்சாலை, விடாத மழை. வண்டி அங்குலம் அங்குலமாக நகர, குறைந்த கியரில் எஞ்சின் மட்டும் வேகமாகச் சுழலும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். வாளி கிடையாது. நாத்தனார்கள் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து, வெள்ளி மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு சாலையோரப் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அந்தக் குப்பியில் எவ்வளவு பிடிக்கும்? பாவாடை சேற்றில் இழுபட, ரேடியேட்டர் நிறையும்வரை திரும்பத் திரும்ப நடந்தார்கள். இன்னொரு நாள் ஓடை பெருகி வழியை மறித்தது. தண்ணீர் வடியட்டும் என்று நால்வரும் காரிலேயே உட்கார்ந்தபடி இரவைக் கழித்தார்கள். அயோவாவின் 360 மைலைக் கடக்க 13 நாள் ஆயிற்று.

மேற்கே போகப் போக வழிகாட்டிப் புத்தகங்களும் உதவவில்லை. சாலை பிரியுமிடத்தில் எந்தப் பக்கத் தொலைபேசிக் கம்பங்களில் கம்பிகள் அதிகமோ அந்தப் பக்கம் ஊர் இருக்கும் என்று திரும்பினார்கள். வழியில் வயோமிங் வந்தது. அங்கே பெண்களுக்கு 1869 முதலே வாக்குரிமை. நியூஜெர்சிக்காரரான ஆலிஸோ 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டின் குறுக்கே கார் ஓட்டத் தகுதி உண்டு, வாக்குச்சீட்டைத் தொடத்தான் இல்லை!

ஆகஸ்ட் 7, 59ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ. வழியில் 11 டயர்களை மாற்றியிருந்தார். நாட்டைக் காரில் குறுக்காகக் கடந்த முதல் பெண் ஓட்டுநர் என்று வரலாறு ஆலிஸைக் குறித்துக்கொண்டது. குப்பியோடு நடந்தவர்களை ‘உடன் சென்றோர்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. அவர்கள் ஊற்றிய தண்ணீர் இல்லாமல் எஞ்சின் ஓடியிருக்காது.

1961இல் ஆலிஸே இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். முகத்திரை, தூசிக்கோட்டு, டயர் கழற்றும் இரும்பு, மூன்றும் அதன் தலைப்பிலேயே இருக்கின்றன.